சுண்டுவிரல் நகத்தளவு

ஒத்தைக்கண்ணருக்கு இரண்டு கண்களும் நன்றாகவே இருந்தன. குறி பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வார் என்பதால் வந்த பெயர் அது. மூடாத அந்த வலது கண்ணைப் பற்றிய செய்திகளை ஊரெல்லாம் பரப்பியவர் அவரேதான். மூன்று தெரு தள்ளி உட்கார்ந்திருக்கும் காக்கை எந்தப் பக்கம் முழிக்கிறது என்று சொல்லிவிடுவாராம். கல்யாணமான புதிதில் ஒருநாள் நிலாவைப் பார்த்து, "இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றாராம். மறுநாள் அது நிமிர்ந்துவிட்டதாம். அவர் மனைவி இதை மறுத்ததில்லை. "மறுநாள் வானம் மூடியிருந்துச்சு" என்று மட்டும் சொல்வாள்.

அவருடைய வேலை, மொட்டைமாடிகளில் தட்டு வைப்பது. சாப்பிடுகிற தட்டு இல்லை. அண்டா மூடி அளவில், வெள்ளையாக, கம்பத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்குகிற தட்டு. இந்த மாடியில் ஒன்று, ஒரு கிலோமீட்டர் தள்ளி எதிர் மாடியில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் போதும். கேபிள் வேண்டாம், தெருவைத் தோண்ட வேண்டாம். படமும் பேச்சும் காற்றிலேயே போய்ச் சேரும். சுமந்து போவது மில்லிமீட்டர் அலை. ஓர் அரிசிமணியின் நீளம்கூட இல்லாத அலை. சுமப்பது யானைப் பாரம், ஆனால் குணம் புதுமாப்பிள்ளை குணம். சுவர் குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். இலை வந்தால் முகம் சுளிக்கும். மழைத்துளியும் அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், மழை பெய்தால் ஒவ்வொரு துளியோடும் மல்லுக்கட்டி, போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

அதனால் குறி பிசகக் கூடாது. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ, அவ்வளவு திரும்பினாலே தட்டு வேறெங்கோ பார்க்கும். இதற்கென்று கம்பெனியில் ஒரு முறை உண்டு. தட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெள்ளத் திருப்ப வேண்டும். மீட்டரில் எண் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். எல்லா ஏற்றத்தையும் பார்த்துவிட்டு, எது உண்மையான உச்சமோ அங்கே இறுக்க வேண்டும். டார்ச் அடித்தால் சுவரில் நடுவே பளீரென்று ஒரு வட்டமும் அதைச் சுற்றி மங்கலாக ஒரு வளையமும் விழுகிறதல்லவா, அலைக்கும் அப்படி ஒரு மங்கல் வளையம் உண்டு. வளையத்தில் மாட்டிக்கொண்டாலும் மீட்டர் ஏறி இறங்கும், உச்சம் போலவே நடிக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. சொல்லித்தருகிறவர் ஒத்தைக்கண்ணர்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி; அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்கிற மெஷின் இரண்டிலும் இருந்தது. படத்தைப் பார்த்து எது முறிவு, எது வெறும் வலி என்று சொல்லக்கூடிய டாக்டர்கள் மட்டும் அந்தப் பக்கம். நடுவே தட்டு வைக்கிற வேலை ஒத்தைக்கண்ணருக்கு வந்தது. வைத்த அன்றைக்கு வெயில், மாடித்தரை செருப்பை உருக்கித் தானே போட்டுக்கொள்ளப் பார்த்தது. அவர் இடது கண்ணை மூடினார், எதிர் மாடியின் சிவப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தார், தட்டைத் திருப்பினார். எண் ஏறியது, இறங்கியது. ஏறிய இடத்துக்குத் திரும்பி வந்து இறுக்கினார். கோடிக்குக் கோடி திருப்புவதெல்லாம் கண்ணில்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி.

மீட்டர் மைனஸ் ஐம்பத்தெட்டு காட்டியது. கம்பெனி கணக்குப் போட்டுக் கொடுத்த தாளில் மைனஸ் முப்பத்தெட்டு என்று இருந்தது. மைனஸில் எண் பெருகப் பெருக அலை மெலிவு என்று அர்த்தம். 'வெயில்ல மீட்டருக்குப் பித்தம் ஏறியிருக்கு' என்று நினைத்துக்கொண்டு, படிவத்தில் முப்பத்தெட்டு என்றே எழுதிவிட்டு இறங்கினார். கீழே ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா முதல் படத்தை அனுப்பிப் பார்த்தாள். கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. பிறகு தூறல் வந்தது. பெருமழைகூட இல்லை, குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற தூறல். அதற்கே இணைப்பு அறுந்தது. வானம் வெளுத்ததும் வந்தது. மறுபடி தூறல், மறுபடி அறுந்தது. மூன்றாம் முறை அறுந்த காலையில், படிக்கட்டில் விழுந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சின்ன ஆஸ்பத்திரியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். படம் போகவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, அவரை வண்டியில் ஏற்றிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வாத்தியார் போட்ட சத்தம் வண்டி ஓட்டியவர் மூலமாக டாக்டரம்மா காதுக்கும், அங்கிருந்து கம்பெனி மேனேஜர் காதுக்கும் போனது. அது மட்டும் அறுந்துபோகாமல் போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் ஒத்தைக்கண்ணரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

"என்னங்க இது? உங்க தட்டாச்சேன்னு நான் பெருமையா சொல்லிட்டு இருக்கேன்."

ஒத்தைக்கண்ணருக்கு அந்த ஐம்பத்தெட்டு ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டினார். தட்டின் பின்னால் நின்று இடது கண்ணை மூடினார். அப்போதுதான் பார்த்தார்: பாதி வழியில் ஒரு நாலுமாடி வீட்டின் உச்சியில், கொடிக்கயிறு கொள்ளாமல் வெள்ளை வெள்ளையாகப் படுக்கை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தன.

"அதோ" என்றார்.

"என்னது?"

"ஈரத்துணி. சுவத்தைவிட மோசம் சார்."

தான் சொன்னதைத் தானே உடனே நம்பிவிட்டாரா என்றால், ஒத்தைக்கண்ணர் முக்கால்வாசி நம்பினார். நம்புவதற்கு வசதியாக இருந்தது. மீதிக் கால்வாசியையும் ஆபீசில் போய் நிறைவு செய்துகொண்டார். மேஜையின் இரண்டு முனைகளில் இரண்டு சின்ன கருவிகளை வைத்து, நடுவே ஓர் ஈரத்துண்டைத் தூக்கிப் பிடித்தார். எண் தொபுக்கென்று விழுந்தது. உலர்ந்த துண்டைப் பிடித்தார், ஒன்றும் ஆகவில்லை. அது சத்தியமான சோதனை. ஒரு பொய்க்கு நூற்றுக்கு நூறு உண்மையைச் சாட்சியாகக் கொண்டுவந்தவர் என்ற பெருமையும் இப்படியாக அவருக்கே சேர்ந்தது.

அந்தக் கொடி சலவைக்கார அக்காவுடையது. நாலாவது மாடியில் இரண்டு அறை. ஒன்றில் மெஷின்கள், ஒன்றில் இஸ்திரி மேஜை. மேலே மொட்டைமாடியில் பன்னிரண்டு கயிறுகள். துவைத்துக்கொண்டிருந்தது அதே சின்ன ஆஸ்பத்திரியின் விரிப்புகளைத்தான். ஒத்தைக்கண்ணரின் கம்பெனிச் சட்டைகளும் ஆறு வருடமாக அங்கேதான் போகின்றன. டாக்டரம்மா அந்த நாலுமாடி வீட்டின் சொந்தக்காரரிடம் பேசினாள். வீட்டுக்காரர் அக்காவிடம் பேசினார். அன்று சாயங்காலமே பன்னிரண்டு கயிறும் இறங்கின.

அதற்கு மறுவாரம் அக்கா சட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தாள். வழக்கமாக அவர்தான் போய் வாங்குவார். ஐம்பதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காரி. மூன்று மாடி ஏறி வந்து, அவர் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"இருக்கட்டும் தம்பி. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்." சட்டைக்கட்டை அவர் கையில் வைத்தாள். "எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா என்னைக்கோ அவுத்திருப்பேன். அந்த வாத்தியார் வலி தாங்காம கத்தினாராமே. ரெண்டு நாளா காதுல அதேதான் கேக்குது. உன் வேலையையும் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதே."

ஒத்தைக்கண்ணர் சட்டைக்கட்டைப் பார்த்தார். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. லேசாக ஓர் ஈரவாடையும் இருந்தது.

"இப்போ எங்கக்கா காயப்போடறீங்க?"

"படிக்கட்டுக் கைப்பிடியில, ஜன்னல்ல, கட்டில்மேல. காயவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அத விடு." அக்கா திரும்பினாள்; ஏதோ ஞாபகம் வந்தவள் போல நின்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு நினைச்சேன். தப்பா நினைக்காதே. தூறல் விழுந்தாலே நான் ஓடிப்போய்த் துணியை எடுத்துடுவேனே தம்பி. மழை நேரத்துல கொடியில ஒரு கைக்குட்டைகூட இருக்காதே. அப்புறம் எப்படி அது மறைச்சுது?"

கம்பெனியில் பதினாறு பேர், ஆஸ்பத்திரியில் நாற்பது பேர், படித்தவர்கள் அத்தனை பேர் மண்டையிலும் உதிக்காத கேள்வி. ஒத்தைக்கண்ணர் சட்டைக்கட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். அந்த நிமிஷம் "தெரியலக்கா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் முப்பது வருடமாக அந்தச் சொல்லை அவர் வாய் பழகியிருக்கவில்லை.

"துணியை எடுத்தாலும் ஈரம் காத்துல நிக்கும்க்கா" என்றார். "ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்கூட. துணி இருந்த இடத்துல துணி மாதிரியே நிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. அலைக்குத் தெரியும்."

அக்கா வாயில் கை வைத்தாள். "அடேயப்பா. படிச்சவன் படிச்சவன்தான்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

அலமாரியில் அந்தச் சட்டைகள் அப்படியே இருந்தன. ஒத்தைக்கண்ணர் ஒரு வாரம் பழைய சட்டைகளைத் தானே இஸ்திரி போட்டு உடுத்தினார். கழுத்துப்பட்டையில் கப்பல் மாதிரி ஒரு தீய்ச்சல் விழுந்தது. மனைவி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

அடுத்த தூறல் ஒரு காலையில் வந்தது. அவருடைய போனுக்கு மட்டும் எச்சரிக்கை வரும், வந்தது. இணைப்பு போய்விட்டது. கொடியும் இல்லை, துணியும் இல்லை. யாருக்கும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிக்கு ஓடினார். போவதற்குள் தூறல் நின்றிருந்தது. மீட்டரை மாட்டினார். மைனஸ் ஐம்பத்தெட்டு. பித்தம் தெளியாத மீட்டர்.

அன்றைக்குத்தான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, புதிதாக வேலைக்கு வந்தவர் மாதிரி, தட்டைக் கோடிக்குக் கோடி திருப்பினார். ஐம்பத்தெட்டு ஏறியது, இறங்கியது, அதலபாதாளத்துக்குப் போனது. இன்னும் சுண்டுவிரல் நகத்தளவு தாண்டியதும் எண் குதித்துக்கொண்டு மேலே வந்தது. முப்பத்தெட்டு. தாளில் எழுதியிருந்த அதே முப்பத்தெட்டு. ஆறேழு மாதமாக அவர் தட்டு வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அங்கேயே இறுக்கினார். கம்பத்தில் கிளாம்ப் முன்பு இருந்த இடத்தில் துரு ஏறிய ஒரு தழும்பு இருந்தது. இறுக்கி முடித்துக் கீழே இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் குடைகளை மல்லாக்கப் புரட்டி மாவு பிசைகிற மாதிரி மழை. இணைப்பு அசையவில்லை.

இங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். துணியை எடுத்த பிறகு மழையிலும் இணைப்பு நிற்கிறது. ஆகவே துணிதான் குற்றவாளி என்று நிரூபணமாகிவிட்டது. அவர் தப்பைச் சரிசெய்ததே அவர் பொய்யை உண்மையாக்கிவிட்டது. டாக்டரம்மா நன்றிக் கடிதம் எழுதினாள். மேனேஜர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். ஒத்தைக்கண்ணர் அந்தச் சுவர் இருக்கிற பக்கம் போவதை நிறுத்தினார். தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போனார்.

பிறகு ஒருநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே எந்த மாடியிலும் கொடி கட்டக் கூடாது என்று வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பப்போகிற அறிக்கை. முதல் பட்டியலில் பதினோரு வீடு. கீழே, 'கண்டறிந்தவர்' என்று அவர் பெயர்.

"சார், இதை அனுப்பாதீங்க."

"ஏன்?"

"துணி காரணமில்ல. நான் தட்டை வளையத்துல வச்சிருந்தேன். போன மாசம் திருப்பி வச்சேன்."

மேனேஜர் சிரித்தார். "நீங்களா? வளையத்துலயா? நிலாவையே நிமித்தினவராச்சே! உங்க அடக்கம் இருக்கே, அதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது."

"அடக்கமில்ல சார். சத்தியமா."

"பெயர் போட வேண்டாம்னா சொல்லுங்க, எடுத்துடறேன். அதுக்காக இப்படியா?"

இத்தனை வருடம் விட்ட சரடையெல்லாம் நம்பிய மனிதர், ஒரு உண்மையைச் சொன்னதும் நம்ப மாட்டேன் என்கிறார். ஒத்தைக்கண்ணர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். காற்றில் நிற்கும் ஈரத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கிணற்றுக்குள் போனது.

மனைவி கழுத்துப்பட்டை தீய்ந்த அந்தச் சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். "நிலா சாஞ்சிருக்குன்னு சொன்னீங்களே, அப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றாள். பிறகு, "அவங்க முழங்கால் வலியோட ஏறி வந்து உங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்க. நான்தான் தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன்."

"இப்போ நான் என்னடி செய்யறது?"

"என்னைக் கேட்டா? தட்டு உங்க கையில இருக்கு."

மறுநாள் காலை, நல்ல வெயிலில், அவர் எல்லோரையும் ஆஸ்பத்திரி மாடிக்கு வரவைத்தார். மேனேஜர், டாக்டரம்மா, நாலுமாடி வீட்டுக்காரர், சலவைக்கார அக்கா. அக்காவைத் தனியாகப் போய் அழைத்தார். "நான் எதுக்கு தம்பி? இன்னும் ஏதாவது மறைக்குதா?" என்று பயந்துகொண்டே வந்தாள். அதற்கு முன், விடிந்ததும் விடியாததுமாக, அக்காவிடம் சாவி வாங்கி, அவள் மாடியில் ஒரே ஒரு கயிறு கட்டி, சொட்டச் சொட்ட எட்டு விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"அதோ பாருங்க. ஈரத்துணி" என்றார். மீட்டரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். "முப்பத்தெட்டு. அசையல. கொடிக்கு மேல ரெண்டு ஆள் உயரத்துல அலை போகுது. நேத்துதான் அளந்தேன். முன்னாடி அளக்கல."

பிறகு ஸ்பானரால் கிளாம்ப்பைத் தளர்த்தி, தட்டை மெள்ளத் திருப்பி, துருத் தழும்பின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். கிளாம்ப் அதன் பழைய பள்ளத்தில் சொந்த வீட்டில் உட்கார்வது போல உட்கார்ந்தது. மீட்டர் ஐம்பத்தெட்டுக்கு விழுந்தது.

"நான் வச்சது இங்க. அன்னைக்கே இந்த எண்ணைப் பார்த்தேன். பார்த்துட்டு முப்பத்தெட்டுன்னு எழுதினேன்."

டாக்டரம்மா மீட்டரைப் பார்க்கவில்லை; அவர் முகத்தைப் பார்த்தாள். அது பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்கு மோசமாக இருந்தது அடுத்தது: மேனேஜர் தரையைப் பார்த்தார். இவருக்காக அவர் வெட்கப்படுகிறார். நாற்பத்தொன்பது வயதில், காது மடல் சுடச்சுட, கையில் ஸ்பானரோடு நின்றார் ஒத்தைக்கண்ணர்.

"அந்த அறிக்கையை நான் கிழிச்சுடறேன்" என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார். "நீங்க நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"கொடியைத் திரும்பக் கட்டிக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். டாக்டரம்மா அக்காவின் கையைத் தொட்டு ஏதோ சொல்லப் போனாள்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. ஒத்தைக்கண்ணர் எதிரில் வந்து நின்றாள்.

"அப்போ அந்த ஈரம்?"

"என்னக்கா?"

"துணியை எடுத்தாலும் காத்துல நிக்கும்னியே. துணி மாதிரியே நிக்கும்னியே. அந்த ஈரம்?"

"அப்படி ஒண்ணு இல்லக்கா. நான் விட்டது."

"என் முகத்தைப் பார்த்துச் சொன்னியேப்பா."

"ஆமாக்கா."

"நான் அதைப் பத்துப் பேருக்குச் சொன்னேன்" என்றாள் அக்கா. "நம்ம தம்பி எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்குன்னு சொன்னேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

தட்டை முப்பத்தெட்டுக்குத் திருப்பி இறுக்கிவிட்டு, மற்றவர்கள் இறங்கிய பிறகு, அக்கா பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போய் நாலு மாடி ஏறினார். மீதிப் பதினோரு கயிறும் ஒரு வாளியில் சுருட்டிக் கிடந்தன.

"நான் கட்டித் தர்றேன்க்கா."

அக்கா வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "கட்டு. ஆனா கண்ணால பார்த்துக் கட்டாதே. உள்ள டேப் இருக்கு, எடுத்து அளந்து கட்டு."

அளந்தார். ஒவ்வொரு கயிற்றையும் இரண்டு முனையிலும் அளந்தார். அளந்ததை மறுபடி அளந்தார். பதினொன்றும் முடிய மத்தியானம் ஆயிற்று. அக்கா விரிப்புகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். உதவி கேட்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தபோது காற்று எழும்பி, ஈர விரிப்பு ஒன்று பளாரென்று அவர் முகத்தில் அறைந்தது.

அக்கா ஓரடி தள்ளித்தான் நின்றாள். கையை நீட்டினால் விரிப்பைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஒத்தைக்கண்ணரும் நகரவில்லை. காற்று மறுபடி எழும்பும் என்று தெரிந்து, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு நின்றார்.